தனிச் சட்டி

கொளஞ்சியின் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சுற்றி ஒரு கல்யாணப் பந்தியும் நிம்மதியாக நடக்கவில்லை. மனுஷன் சும்மா வந்து சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு போனால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? அவர் உட்காரவே மாட்டார், பந்தியை மேற்பார்வை பார்ப்பார். பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக ஏறி இறங்கிக் காலம் கழித்தவர். டிக்கெட் எடுக்காதவனை மூஞ்சியைப் பார்த்தே பிடித்துவிடுவார் என்று டிப்போவில் பேர். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணுக்கு வேலை இல்லாமல் கிடந்தது. நெஞ்சுவலி வந்து அந்தக் குறையையும் தீர்த்துவைத்தது.

"இந்தா, நில்லு. இது இன்னா எண்ணெயில சுட்ட வடை?" என்று பரிமாறுகிற பையனை மடக்குவார். அவன் திருதிருவென்று முழித்தால் அவ்வளவுதான். பாமாயில் என்றால் என்ன, டால்டா என்றால் என்ன, அவை உடம்புக்குள் போய் ரத்தக் குழாயை என்ன பாடு படுத்துகின்றன என்று சாம்பார் ஆறுகிற வரைக்கும் ஒரு பிரசங்கம். "அன்சேச்சுரேட்டட்" என்ற வார்த்தையைத் தடுக்காமல் சொல்லக் கண்ணாடி முன்னால் நின்று பழகியவர் அவர். பழகிய வித்தையைச் சும்மா வைத்திருப்பாரா?

திருவதிகையில் நடந்த ஒரு கல்யாணத்தில், அவரோடு டிப்போவில் டிரைவராக இருந்த செந்தமிழ்செல்வன் பெண்டாட்டி கயல்விழியோடு பந்தியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கொழுப்பு ஜாஸ்தி என்று டாக்டர் எச்சரித்திருந்த நேரம். கொளஞ்சி பார்த்துவிட்டார். நேராக வந்தார், அவன் இலையிலிருந்த வடையை எடுத்தார், பூரியை எடுத்தார், நெய் மிதந்த அல்வாவை வழித்தார். எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்த கயல்விழியின் இலையில் வைத்தார்.

"மாப்ள, ஒனக்கு இது வெசம். இனிமே ஒனக்குன்னு தனிச் சட்டி, தனி எண்ணெய். எங்க வூட்டுல அப்புடித்தான். நீ சாப்புடும்மா கயலு, பொம்பளைங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

"மாமா சொன்னா சரியா இருக்கும்" என்றான் செந்தமிழ்செல்வன். கயல்விழி இரண்டு இலைச் சாப்பாட்டையும் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். சாப்பாட்டை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்த பிள்ளை அவள்.

கொளஞ்சிக்கு இந்த ஞானம் கிடைத்தது சிதம்பரத்தில். மகள் இளமதியைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. ஒரு பொங்கலுக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, கறிக்குழம்பும் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் மூக்கு முட்டச் சாப்பிட்டு எழுந்தவர் கை கழுவுகிற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்திலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரி. டாக்டர் ரேகா கெட்டிக்காரி. உடனே அடைப்பை எடுத்து, ஸ்டென்ட் வைத்து, ஆளைத் தூக்கி நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் அவரை எதிரே உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். பட்டம்மாள் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புருஷனுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அறையில் இன்னொரு நாற்காலி இருந்தது. அதில் கொளஞ்சியின் எக்ஸ்ரே கவர் உட்கார்ந்திருந்தது.

"எல்லாக் கொழுப்பும் கெட்டது இல்லைங்க ஐயா. நெய், டால்டா, கறியில இருக்கற வெள்ளைக் கொழுப்பு, கோழித்தோல், பால் ஏடு, அப்புறம் பாமாயில், இதெல்லாம் கெட்ட கொலஸ்ட்ராலை ஏத்திவிடற ஜாதி. அதையெல்லாம் உங்க தட்டுலேந்து எடுத்துடணும். அந்த எடத்துல நல்லெண்ணெய், கடலையில ஆட்டுன மல்லாட்டை எண்ணெய், மத்தி, கவளை மாதிரி மீன், காலையில ஒரு கைப்பிடி முந்திரி, பாதாம் மாதிரி கொட்டைங்க வரணும். அதுல இருக்கறதுதான் அன்சேச்சுரேட்டட். நல்லா கவனிங்க, இதைக் கூடுதலா சேக்கறதால பிரயோஜனம் இல்ல. அதை எடுத்துட்டு, அந்த எடத்துல இதை வைக்கணும். எண்ணெய் எந்த எண்ணெயா இருந்தாலும் அளவு முக்கியம்."

கொளஞ்சி தலையை ஆட்டினார். அவர் மனசில் தங்கியது அந்த இங்கிலீஷ் வார்த்தை மட்டும். முழுசாகக் கேட்டுக்கொண்டவள் பின்னால் நின்றவள். டாக்டர் சொன்னதில் ஒரு சொல் விடாமல் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு கடலூர் வந்து சேர்ந்தாள்.

வந்த மறுநாளே வீட்டில் இரண்டு ராஜ்ஜியம் ஆரம்பமாயிற்று. கொளஞ்சிக்குப் புதுச் சட்டி, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். தேவனாம்பட்டினத்திலிருந்து கூடை தூக்கிக்கொண்டு வரும் மங்கலத்திடம் வாரம் தவறாமல் கவளை மீன். அண்ணாகிராமத்தில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் பட்டம்மாளின் தம்பி மாசாமாசம் முந்திரி கொண்டுவந்து கொடுப்பான். அதுவும் மாமாவுக்குத்தான். காலையில் ஒரு கைப்பிடி என்று டாக்டர் சொன்னதை, "எந்தக் கைன்னு சொல்லலியே" என்று இரண்டு கையாலும் அள்ளிக்கொள்வார்.

அதெல்லாம் சரி. எடுத்தது என்ன ஆயிற்று? ரேஷன் கடையில் மாசாமாசம் ஒரு பாக்கெட் பாமாயில் வந்துகொண்டுதான் இருந்தது. வாங்காமல் விட்டால் கார்டு செத்துப்போய்விடும் என்று அந்தத் தெருவில் எல்லாருக்கும் ஒரு பயம். யார் சொன்னது, எப்போது சொன்னது, யாருக்கும் தெரியாது. வாங்கியதைக் கொட்ட முடியுமா? எண்ணெயைக் கீழே ஊற்றினால் வீட்டுக்கு ஆகாது. கோழி எடுத்தால் தோல் வரும். ஆட்டுக்கறி எடுத்தால் கொழுப்பு வரும். பால் காய்ச்சினால் ஏடு கட்டும். இதையெல்லாம் அவர் தட்டிலிருந்து பட்டம்மாள் ஒழுங்காக எடுத்தாள். எடுத்ததைத் தன் பழைய சட்டியில் போட்டு, பாமாயில் ஊற்றி வதக்கி, புருஷன் ஏப்பம் விட்டுத் திண்டில் சாய்ந்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"ரெண்டு மீனு நீயும் வச்சுக்கக் கூடாதா? ஒடம்பு ஊதிக்கிட்டே போவுதே" என்று மங்கலமே ஒரு நாள் கேட்டுவிட்டாள்.

"அவுருக்கே பத்தல. எனக்குக் கொழம்பு போதும்" என்றாள் பட்டம்மாள்.

அவள் என்ன சாப்பிடுகிறாள் என்பது கொளஞ்சிக்குத் தெரியாது. ஊரில் யார் இலையில் என்ன இருக்கிறது என்று தெரியும். தன் வீட்டில் தனக்கு அப்புறம் ஒருத்தி சாப்பிடுகிறாளே, அவள் தட்டை அவர் கண்ணால் பார்த்ததே கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். அவர் அப்பா வீட்டிலும் அப்படித்தான், அவள் அப்பா வீட்டிலும் அப்படித்தான். இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

இரண்டு வருஷம் போயிற்று. கொளஞ்சிக்கு மூன்று மாசத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. ரிசல்ட் வந்தால் தெருவே கேட்கப் படிப்பார். பட்டம்மாளுக்கு ஒரு தடவைகூட ஊசி முனை பட்டதில்லை. அவளுக்கு என்ன, நன்றாகத்தானே இருக்கிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

ஆவணி மாசத்தில் அவளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. துணி காயப்போட்டுவிட்டு வந்து கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வேர்த்துக் கொட்டும். தாடையிலும் முதுகிலும் ஒரு வலி, வரும், போகும். ஒரு நாள் முடியாமல் புருஷனிடம் சொன்னாள்.

"ஏங்க, தாடையெல்லாம் இழுத்துப் புடிக்குதுங்க. முதுவும் வலிக்குது. ஒரு மாதிரியா இருக்குது."

கொளஞ்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். இந்த விஷயத்தில் அவரைக் கேட்காமல் யாரைக் கேட்பது? நெஞ்சுவலியில் அவர் அனுபவஸ்தர்.

"நெஞ்சுல ஆனை ஏறி உக்காந்த மாதிரி இருந்துச்சா?"

"இல்லீங்க. தாடையிலதான்."

"தாடையில எங்க ஆனை உக்காரும்? இது வாயு. எனக்கு வந்தது வேற. அது வந்தா பேசவே முடியாது, தெரியுமா? போயி ஓமத்தண்ணி போட்டுக் குடி."

அவள் குடித்தாள். அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள்.

இந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்திலிருந்து போன் வந்தது. இதய தினத்துக்காக அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம். நோயாளிகள் நூறு பேர் வருவார்கள். சாப்பாட்டு முறையை ஒழுங்காக மாற்றிக்கொண்டு உடம்பைத் தேற்றிய ஒருவர் மேடையில் பேசினால் நன்றாக இருக்கும் என்று டாக்டர் ரேகா நினைக்கிறாராம். கொளஞ்சி ஐயா வர முடியுமா?

வர முடியுமாவா! மனுஷன் அன்றைக்கே வேட்டிக்குக் கஞ்சி போடச் சொன்னார். பேசப்போகிறதை விடிகாலையில் வாசலில் நடந்துகொண்டே ஒத்திகை பார்த்தார். பட்டம்மாள் கேட்கிறாளா என்று அடிக்கடி உள்ளே எட்டிப்பார்த்தார். அவள் "நல்லா இருக்குதுங்க" என்றாள். அவளுக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது. செத்துப் பிழைத்த மனுஷன் மேடை ஏறிப் பேசப்போகிறார் என்றால் அது யாருடைய சட்டி செய்த வேலை?

அன்று காலை பஸ்ஸில் கூட்டம் இல்லை. கொளஞ்சிக்கு ஜன்னலோர இடம். பையும் தண்ணீர் பாட்டிலும் பட்டம்மாள் மடியில் இருந்தன. புதுச்சத்திரம் தாண்டும்போதே அவளுக்கு வேர்க்க ஆரம்பித்துவிட்டது. ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, எனக்கு என்னமோ பண்ணுது. எறங்குனதும் நேரா இளமதி வூட்டுக்குப் போயி செத்த படுத்துக்கறேனே."

"இன்னிக்குதானா ஒனக்கு வரணும்? நான் பேசறத நீ கேக்க வேணாமா? முன்வரிசையில எடம் போட்டு வச்சிருக்காங்களாம். பேச்சு முடியட்டும், ரெண்டு பேருமா போவலாம்."

அவள் சரி என்று தலையாட்டினாள். அவர் பேசுவதைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கும் ஆசை இருந்தது, அதுதான் கொடுமை. இறங்கி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முன்வரிசையில் மின்விசிறிக்குக் கீழே அவளை உட்கார வைத்துவிட்டு அவர் மேடைக்குப் போனார்.

பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டினார்கள். கொளஞ்சி மைக்கைத் தட்டிப்பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"நான் ஒரு சாதாரண ஆளுங்க. ஆனா இந்த அன்சேச்சுரேட்டட் கொழுப்பு இருக்குது பாருங்க, அத நான் கரைச்சுக் குடிச்சிருக்கேன்."

சிரித்தார்கள். அவருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

"டாக்டரம்மா ஒரே ஒரு வார்த்த சொன்னாங்க. அத எடுத்துட்டு இத வைன்னாங்க. எடுத்தேன்! இன்னிக்கு வரைக்கும் எங்க வூட்டுல டால்டா கெடையாது, கோழித்தோலு கெடையாது. பாமாயிலு வாசனையே எங்க வூட்டுல கெடையாதுங்க! வேணும்னா எங்க வூட்டம்மாவக் கேளுங்க. அதோ முன்னாடி..."

கையை நீட்டிக் காட்டினார். நூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பட்டம்மாள் எழுந்து கும்பிடப்போகிறாள் என்று பார்த்தால், அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பையோடு தரையில் சரிந்துகொண்டிருந்தாள். தண்ணீர் பாட்டில் உருண்டு மேடைக்கு அடியில் போயிற்று.

டாக்டர் ரேகா மேடையிலிருந்து குதித்தே இறங்கினார். நர்ஸ்கள் ஓடிவந்தார்கள். தள்ளுவண்டி வந்தது. என்ன நடக்கிறது என்று கொளஞ்சிக்குப் புரிவதற்குள் அவளைக் கொண்டுபோய்விட்டார்கள். அவர் பொன்னாடையோடு பின்னாலேயே ஓடினார். "வாயுங்க, டாக்டரம்மா, அவளுக்கு வாயு" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். மைக்கை யாரும் அணைக்கவில்லை. காலியான மேடையில் அது கொஞ்ச நேரம் இரைந்துகொண்டிருந்தது.

கெட்டதிலும் ஒரு நல்லது, விழுந்த இடம் அது. கூட்டம் மட்டும் கல்யாண மண்டபத்தில் நடந்திருந்தால் அவள் கதை அன்றோடு முடிந்திருக்கும் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். பெரிய குழாயில் அடைப்பு. டாக்டர் வெளியே வந்து, "பொழைச்சுக்கிட்டாங்க" என்று சொன்னபோது இளமதி அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். கொளஞ்சி அழவில்லை. ஒன்றும் விளங்காமல் மரத்துப்போயிருந்தார். ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவருக்குக் குழாய் சுத்தமாக இருக்கிறது, அவளுக்கு எப்படி அடைத்துக்கொண்டது?

வார்டுக்கு மாற்றிய பிறகு டாக்டர் ரேகா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கொளஞ்சி ஒரு பக்கம், இளமதி ஒரு பக்கம்.

"அம்மா, வலி எப்பலேந்து இருந்துச்சு?"

"ஒரு மாசமா தாடையில இருந்துச்சுங்க. வாயுன்னாரு."

டாக்டர் கொளஞ்சியைப் பார்த்தார். "பெண்களுக்கு இப்படியும் வரும் ஐயா. நெஞ்சே வலிக்காம, தாடை, முதுகு, மூச்சு வாங்கறது, சோர்வு. சர்க்கரையும் பிரஷரும் வேற ஜாஸ்தியா இருக்கு இவுங்களுக்கு. ஒரு தடவைகூடப் பாக்கலியா?"

"நல்லாதானே இருந்தா" என்றார் கொளஞ்சி.

"சாப்பாடு எப்படிம்மா? வீட்டுல என்ன எண்ணெய்?"

"செக்கு நல்லெண்ணெய்தான் டாக்டர்" என்று கொளஞ்சி முந்திக்கொண்டார். பழக்கதோஷம்.

"அது அவுருக்குங்க" என்றாள் பட்டம்மாள், மெல்லிய குரலில். "எனக்குப் பாமாயிலு."

"என்ன?"

"அவுரு சட்டி தனிங்கம்மா. என் சட்டி தனி. கோழித்தோலு, கறிக்கொழுப்பு, பால் ஏடு, எல்லாம் நான் சாப்புட்டுடுவேன். அவுரு தட்டுல ஒரு சொட்டு போவ விடலம்மா. நீங்க சொன்னத அப்புடியே செஞ்சேன்."

"நான் எப்பம்மா உங்களைச் சாப்பிடச் சொன்னேன்?"

பட்டம்மாள் அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். படித்த பெண்ணுக்கு இதுகூடவா தெரியாது என்பது மாதிரி.

"அவுரு தட்டுலேந்து எடுத்துடணும்னு சொன்னீங்க. எடுத்துட்டேன். எடுத்தத எங்கம்மா போடறது? வீணாப் போயிடுமே."

இளமதி முகத்தைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் ரேகா பட்டம்மாளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "தப்பு எம்மேலயும் இருக்கும்மா" என்றார். "நான் உங்களை உட்காரக்கூடச் சொல்லல அன்னிக்கு." எண்ணெயை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்றும், சர்க்கரை, பிரஷர் எல்லாம் சேர்ந்து செய்த வேலை என்றும், இனிமேல் இரண்டு பேருக்கும் ஒரே சமையல் என்றும் பிறகு விளக்கமாகச் சொன்னார். கொளஞ்சி அதில் ஒன்றையும் கேட்கவில்லை. டிக்கெட் எடுக்காதவனை மூஞ்சியைப் பார்த்தே பிடிக்கிற அந்தக் கண்ணால் பெண்டாட்டியின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலம் பாய்ந்த உதடு. கண்ணுக்குக் கீழே வீக்கம். இது எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

மாற்றுச் சேலை எடுத்துவர அவரைக் கடலூருக்கு அனுப்பினார்கள். மத்தியான வெயிலில் வந்து கதவைத் திறந்தார். பசித்தது. என்ன இருக்கிறது என்று பார்க்க அடுப்படிக்குள் போனார். அந்த வீட்டுக்குக் குடிவந்து இத்தனை வருஷத்தில் அவர் அடுப்படியின் நடுவில் வந்து நிற்பது அன்றைக்குத்தான்.

சமையல் மேடையில் அவருடைய சட்டி பளபளவென்று கவிழ்ந்திருந்தது. பக்கத்தில் நல்லெண்ணெய்த் தூக்கு, முந்திரி டப்பா. கீழே, அடுப்புக்கு அடியில், கரிப்பிடித்த ஒரு வாணலி. அதில் பல தடவை காய்ந்து தார் நிறமாகிப்போன எண்ணெய். ரேஷன் பாக்கெட்டுகள் ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. பிரிட்ஜைத் திறந்தால், ஒரு டப்பாவில் கோழித்தோல், இன்னொன்றில் பால் ஏடு. அவர் ஊர் ஊராகப் போய் விஷம் விஷம் என்று சொன்ன அத்தனையும் அவர் வீட்டிலேயே இருந்தது. அது வீட்டை விட்டு ஒரு அடிகூட வெளியே போகவில்லை. அவர் தட்டிலிருந்து இறங்கி அவள் தட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

கொளஞ்சி அங்கேயே தரையில் உட்கார்ந்தார். அவள் உட்கார்ந்து சாப்பிடுகிற இடம் அது. அங்கிருந்து பார்த்தால் கூடத்தில் அவருடைய நாற்காலியின் கால்கள் மட்டும் தெரிந்தன. "அடிப் பாவி, சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்ன உடனே அவருக்கு ஞாபகம் வந்தது, அவள் சொன்னாள். தாடை வலிக்கிறது என்று சொன்னாள், பஸ்ஸில் சொன்னாள். அவர்தான் ஆனையைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. கேட்க யாருமில்லாத வீட்டில் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பட்டம்மாள் வீட்டுக்கு வந்தாள். ஒரே சட்டி, ஒரே எண்ணெய், அதுவும் அளவாக. இளமதி வந்து பத்து நாள் இருந்து கற்றுக்கொடுத்துவிட்டுப் போனாள். கொளஞ்சி பெண்டாட்டியைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னார். அவளுக்குக் கூச்சம். புருஷன் பார்க்கச் சாப்பிட்டுப் பழக்கமில்லாததால் சோறு தொண்டையில் நின்றது. "அந்தாண்ட திரும்பிக்குங்களேன்" என்பாள். அவர் திரும்பிக்கொள்வார். மீன் துண்டு போயிற்றா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். போனாலும் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார். ஊர் நிம்மதி அடைந்தது.

மாசப் பிறப்பில் பட்டம்மாள் ரேஷன் கார்டை எடுத்து நீட்டினாள். "அரிசியும் சக்கரையும் வாங்கியாங்க. எண்ணெயும் போடறாங்களாம். வாங்கலன்னா கார்டு செத்துடும்."

"சாவட்டும்" என்றார் கொளஞ்சி.

ரேஷன் கடையில் வரிசை நீளமாக இருந்தது. அவர் முறை வந்தபோது, "எண்ணெ வேணாம்பா" என்றார். கடைக்காரர், "வேணாம்னா விடுங்க" என்று அடுத்த வேலையைப் பார்த்தார். கார்டு சாகவில்லை. இவ்வளவுதானா என்று கொளஞ்சி ஒரு நிமிஷம் அங்கேயே நின்றார்.

"மாமா! மாமா!" என்று பின்னாலிருந்து யாரோ முதுகைத் தொட்டார்கள். செந்தமிழ்செல்வன். முகம் தெளிந்து, தொப்பை குறைந்து, ஆளே மாறியிருந்தான். "உங்களுக்கு வேணாம்னா அந்தப் பாக்கெட்ட எனக்கு வாங்கிக் குடுங்க மாமா. எங்க வூட்டுல ஒண்ணு பத்தல."

கொளஞ்சி அவனைத் திரும்பிப் பார்த்தார். "ஒனக்குப் பாமாயிலு ஆவாதேடா?"

"எனக்கு இல்ல மாமா! நான் சுத்தமா நிறுத்திட்டேன். நீங்க அன்னிக்கு வடைய எடுத்தீங்க பாருங்க, அன்னியோட சரி. எனக்குத் தனிச் சட்டி, மல்லாட்டை எண்ணெ. கொலஸ்ட்ரால் எம்மாம் எறங்கிட்டுது தெரியுமா? எல்லாம் உங்க புண்ணியம் மாமா." அவன் இரண்டு கையையும் கூப்பினான். "இது கயலுக்கு. அவ சட்டிக்கு."

வரிசையில் யாரோ "நவுருங்க" என்று சத்தம் போட்டார்கள். கொளஞ்சி நகரவில்லை.

"கயலு நல்லா இருக்குதா மாப்ள?"

"நல்லா இருக்குது மாமா."

"படி ஏறுனா மூச்சு வாங்குதா?"

"அது ஒடம்பு போட்டுடுச்சு மாமா, அதான்."

"தாடை வலிக்குதுன்னு எப்பனா சொல்லுச்சா?"

செந்தமிழ்செல்வன் சிரித்தான். "உங்களுக்கு எப்புடி மாமா தெரியும்? ரெண்டு நாளா அதே பொலம்பல். வாயுதான். ஓமத்தண்ணி குடுத்துட்டுதான் வரேன்."

கொளஞ்சி அரிசிப் பையை அப்படியே கீழே போட்டார். அவன் மணிக்கட்டைப் பிடித்து, வரிசையை விட்டுத் தெருவுக்கு இழுத்தார். "மாமா, என் முறை வந்துடுச்சு மாமா, எண்ணெ தீந்துடும்" என்று அவன் கத்திக்கொண்டே வந்தான். அவர் பிடியை விடவில்லை. இன்னொரு கையால் எதிரே வந்த ஆட்டோவை நிறுத்தினார்.

"ஏறுடா" என்றார். "ஒன் வூடு எங்க சொல்லு, சீக்கிரம் சொல்லு."